என் ரத்தத்தில் தேங்காய்ப்பால்

முப்பது வருடம் மாட்டுக்கு ரத்தம் எடுத்துப் பழகியவளுக்கு, மனுஷியைப் பார்த்தாலும் முதலில் கழுத்துதான் கண்ணில் படும். என் நாத்தனார் அப்படித்தான் செய்தாள். ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் என் வீட்டுச் சமையலறையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டு, என் கழுத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஏய், கை இங்க இருக்கு," என்று நான் கையை நீட்டினேன்.

"தெரியும் அண்ணி. பழக்கதோசம்."

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாத்தனார் என் கணவரின் தங்கை. வயது அறுபது. குளுவாங் பக்கம் கால்நடைகளுக்கான பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோட்டம் தோட்டமாகப் போய், மாட்டைக் கட்டிப்போட்டு ரத்தம் எடுத்து, அதைச் சுழற்றும் மெஷினில் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. இப்போது செனாயில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கையில் போன், மனதில் யோசனை. அந்த யோசனைகளெல்லாம் பஸ் ஏறி நேராக என் வீட்டுக்குத்தான் வரும்.

எனக்கு அறுபத்தைந்து. பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பெரிதாகச் சிரமப்பட்டதில்லை. ஒரே மகள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, முப்பத்தெட்டு வயதில் பெற்றேன். நாற்பதுக்குள் தலை முழுக்க வெளுத்துவிட்டது. டை போட்டால் தலை பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். ஒருமுறை போட்டு, மூன்று நாள் கண் திறக்கமுடியாமல் கிடந்து, அதோடு விட்டுவிட்டேன்.

மகளுக்கு இப்போது இருபத்தேழு. சிங்கப்பூரில் வேலை. வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டார் ஆயர் ஈத்தாமிலிருந்து இரண்டு காரில் பெண் பார்க்க வந்தார்கள். நான் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அத்தை, அவருக்கும் அறுபது இருக்கும், முடியெல்லாம் கறுகறுவென்று இருந்தது, பாய்ந்து எழுந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினார்.

"பொண்ணோட பாட்டிங்களா? இந்த வயசுலயும் நீங்க தூக்கிட்டு வரணுமா பாட்டி? உக்காருங்க, உக்காருங்க."

என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவும் வைத்துவிட்டார்.

"எங்கம்மா," என்றாள் என் மகள்.

"அலமாக்!" என்று அத்தை வாயில் கை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய குவளைகளையே மறுபடி கழுவினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இது புதுக் காயமாக இருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். பழைய காயம். மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பள்ளி விட்டு அழுதுகொண்டே வந்தாள். காரில் ஏறி, பையை மடியில் கட்டிக்கொண்டு, "மா, நீ இனிமே கேட்டுக்கு வராதே. கார்லயே இரு," என்றாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் உன்னைப் பாட்டின்னு சொல்றாங்க," என்றாள். ஏழு வயதுப் பிள்ளை. மறுநாளிலிருந்து எதிர்ப்புறம் அங்சானா மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்பு முடியும்வரை அப்படித்தான். பரிசளிப்பு விழாவுக்குப் போனால் கடைசி வரிசை. மகள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னால் அந்தப் பிள்ளைக்குத் தலைகுனிவு என்ற நினைப்பு மட்டும் இருபது வருடமாக நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

இப்போது பரிசம் வைக்க மூன்று வாரம் இருந்தது. மேடையில் தாம்பூலத் தட்டு மாற்றும்போது மகள் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். படம் எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி இரண்டு வீட்டிலும் மாட்டுவார்கள். பார்க்கிறவர்கள் கேட்காமலேயே இது அம்மா என்று தெரிய வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். உலக அழகிப் பட்டமா கேட்டேன்?

நாத்தனாரிடம் சொன்னேன். அது என் தப்பு. இரண்டே நாளில் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் ரத்தத்தைத் தானே எடுத்து, மெஷினில் சுழற்றி, மேலே நிற்கும் தங்க நிற நீரைச் சின்னச் சின்ன ஊசிகளால் முகத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் பத்து வயது குறையுமாம்.

"இது பெரிய மந்திரம்னு நெனைக்கிறாங்க அண்ணி. முப்பது வருசமா நான் செஞ்ச வேலைதான் இது! மாட்டுக்கு முகத்துல பூசல, அவ்வளவுதான்."

"இதெல்லாம் கிளினிக்ல செய்யுறது இல்லையா?"

"செய்யுறாங்க. ஜொகூர் பாருல போர்டே போட்டிருக்கான். போறீங்களா?"

போகமுடியாது. அங்கே போனால் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். இனிப்பு நீர் என்னும் சர்க்கரை வியாதி உண்டா, கொழுப்பு உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு இனிப்பு நீர் வாசல்படியில் நிற்கிறது, கொழுப்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது என்று போன வருடமே அரசாங்க கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் மகள் எனக்கு மாமியாராகிவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து பெரிய டப்பா டப்பாவாக ஓட்ஸ் கொண்டுவந்து அடுக்குவாள். தினமும் காலையில் நான் ஓட்ஸ் கிண்ணத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினேன், ஒருநாளும் தவறியதில்லை. படமெடுத்த ஓட்ஸைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் இருக்கும் கடைக்கு நடந்துபோய் நாசி லெமாக் சாப்பிடுவேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், பொரித்த கோழித்தொடை. நடந்து போவதும் உடற்பயிற்சிதானே என்று என் மனச்சாட்சிக்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் சோற்றை ஓட்ஸில் மறைத்தேன். அந்தக் கோழிகள் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தன.

ஆகவே, கிளினிக் வேண்டாம், வீட்டிலேயே என்று முடிவானது. மெஷின் ஆன்லைனில் வந்தது. தலைகீழாகக் கவிழ்த்த சின்ன அரிசிக் குக்கர் போல இருந்தது. மகள் வராத நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். பரிசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் முகம் ஆறி, பளபளவென்று ஆகிவிடும் என்பது நாத்தனாரின் கணக்கு.

அன்று அவள் பழைய வேலையிடத்து வெள்ளைக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்தாள். பையில் பத்து மாதமாகப் பத்திரப்படுத்தியிருந்ததுபோல எல்லாம் தயாராக இருந்தது. கழுத்தை விட்டுக் கைக்கு வந்து, ரப்பரை இறுக்கிக் கட்டினாள். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது.

"ஆடாதீங்க அண்ணி. மாடுகூட இவ்வளவு ஆடாது."

"மாட்டைக் கட்டிப்போட்டுக் குத்தினியே, அதான் ஆடல."

இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. டியூப் நிரம்பியதும், தன் கையிலும் ரப்பரைக் கட்டி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, ஒற்றைக் கையால் தனக்கும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். மெஷினில் ஒரு பக்கம் மட்டும் டியூப் வைத்தால் ஆட்டம் போடும், எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வேண்டும் என்றாள்.

"தண்ணி ஊத்தி வச்சா போதாதா?"

"போதும். ஆனா எனக்கும் முகம்னு ஒண்ணு இருக்கே அண்ணி."

இந்த நேரத்தில் என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். மேசையில் பஞ்சு, ஊசி, இரண்டு டியூப் ரத்தம், வெள்ளைக் கோட்டில் தங்கை, கையை மடக்கிப் பிடித்தபடி மனைவி. ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "மதியத்துக்கு மீனா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் செய்தித்தாளுக்குத் திரும்பிப் போனார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது.

மெஷின் சுற்றியது. மேசை நடுங்கியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. நின்றதும் நாத்தனார் மூடியைத் திறந்து, இரண்டு டியூபையும் வெளியே எடுத்து, கிண்ணத்தில் நிறுத்தினாள். பிறகு அவள் முகம் மாறியது.

"என்னாடி?"

"ஒண்ணும் இல்ல... இதுல உங்களுது எது, என்னுது எது?"

"லேபிள் ஒட்டலயா நீ?"

"லேபிள் ஒட்டுறது பக்கத்து மேசை ஆளோட வேலை. நான் சுத்துறதோட சரி."

முப்பது வருடம். அவள் சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். "எது யாருதா இருந்தா என்ன அண்ணி, ரெண்டும் ஒரே குடும்பத்து ரத்தம்."

"நான் மருமகளா வந்தவ! உன் ரத்தம் உங்கண்ணன் உடம்புல ஓடுது, என் உடம்புல ஓடல. அது என் முகத்துக்குள்ள போச்சுன்னா நானும் உன்னை மாதிரி யோசிக்க ஆரம்பிச்சுருவேன். வேணாம்மா, கொட்டிடு."

"பொறுங்க, பொறுங்க," என்று இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் மேலே நின்ற நீர் எலுமிச்சைச் சாறு போலத் தெளிவாக இருந்தது. மற்றதில் வெண்மையாகக் கலங்கி, கொழகொழவென்று நின்றது.

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவள் விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

"அண்ணி. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஓட்ஸ்."

"புல்லு தின்ன மாட்டு ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் எத்தனை பார்த்திருக்கேன். இது தேங்காய்ப்பால் குடிச்ச மாடு."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அதுவும் என் ரத்தமே என்னைக் காட்டிக் கொடுத்தது. கோழித்தொடை இரண்டு என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. யார் டியூப் எது என்று கண்டுபிடித்த பெருமையில் போனை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெருமையில் இருப்பவளைக் கேள்வி கேட்பானேன்?

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வலித்தது. சின்ன ஊசிகள் பதித்த உருளை ஒன்றை என் முகத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் உருட்டினாள். சப்பாத்திக் கட்டையை நான் உருட்டியிருக்கிறேன், சப்பாத்தியாக இருந்ததில்லை. கலங்கிய அந்தத் தேங்காய்ப்பாலையே மேலே பூசிப் பூசி உருட்டினாள். நடுவில் என் போன் அடித்தது. மகள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஏழு முறை அடித்தது.

"ஏன் இப்படி அடிக்குறா?" என்றேன்.

நாத்தனாரின் கை நின்றது. "நான் அந்தப் படத்தைக் குடும்ப குரூப்புல போட்டேன் அண்ணி. சும்மா... 'அண்ணி ரத்தம் இடது பக்கம், நாசி லெமாக் தெரியுதா பாருங்க'ன்னு..."

அந்தக் குரூப்பில் என் மகள் இருக்கிறாள். அவளோடு இருபத்தாறு சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஈப்போவில் இருக்கும் சின்ன மாமனார் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

தன் முகத்துக்கு உருட்டிக்கொள்ளும் தைரியம் அவளுக்கு அதற்குமேல் இல்லை. மெஷினைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "முகத்துல ஒண்ணும் போடாதீங்க அண்ணி. நாளைக்கு வரைக்கும் ஒண்ணுமே போடக்கூடாது, கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன். தலையும் ஆட்டினேன்.

ஆனால் முகம் எரிந்தது. மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தது. என் வீட்டில் கை வெட்டினால் மஞ்சள், கால் இடறினால் மஞ்சள், சூடு பட்டால் மஞ்சள். அது என் கைக்குத் தெரிந்த பாடம், மூளையைக் கேட்டுச் செய்வதில்லை. மீனுக்குத் தடவ வைத்திருந்த மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, நெற்றியிலிருந்து தாடை வரை தாராளமாகப் பூசினேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. நாத்தனாருக்கு மாட்டைப் பற்றித் தெரியும், மஞ்சளைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று பெருமையோடு படுத்துவிட்டேன்.

காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கடலை மாவு போட்டேன். பால் போட்டேன். முகம் கழுவிய பாத்திரமெல்லாம் மஞ்சளானது, முகம் மட்டும் வெளுக்கவில்லை. ஊசி இறங்கிய துளைக்குள்ளெல்லாம் மஞ்சள் போய் உட்கார்ந்துகொண்டு, தையல் மெஷின் ஓடிய துணிபோல வரிசை வரிசையாகப் புள்ளி. வீக்கம் வேறு. கணவர் என்னைப் பார்த்ததும் பயபக்தியோடு எழுந்து நின்றார்.

"எந்தக் கோயில்ல தீமிதி? சொல்லவே இல்லையே?"

பத்து மணிக்கு மகள் வந்தாள். வழக்கமாக மதியம்தான் வருவாள். விடியும் முன்னரே சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்திருக்கிறாள். கேட்டைத் திறந்த வேகத்திலேயே தெரிந்தது. கத்தப் போகிறவள், என் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். பிறகு ஒரே வார்த்தை. "கிளம்பு."

கிளினிக்கில் சனிக்கிழமைக் கூட்டம். இந்த முகத்தோடு உள்ளே உட்காரமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால், அவள் மட்டும் போய் நம்பர் எடுத்துக்கொண்டு வந்தாள். எதிர்ப்புறம் மரத்தடியில் காரை நிறுத்தினாள். கண்ணாடியை நான் ஏற்றிக்கொண்டேன்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"நாசி லெமாக்."

"ஒரு வருசமா."

"அப்ப அந்த ஓட்ஸ் எல்லாம்?"

"கோழி..."

அவள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வழக்கமாக எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றும் அப்படித்தான் கத்தினேன்.

"எல்லாம் உனக்காகத்தான் செஞ்சேன்! பரிசத்துல உன் பக்கத்துல நிக்குறப்ப எவளாச்சும் பாட்டின்னு சொல்லி உனக்கு மானம் போகக்கூடாதுன்னுதான். ஒண்ணாம் வகுப்புலயே கேட்டுக்கு வராதேன்னு சொன்னியே, மறந்துட்டியா? நான் மறக்கல. ஆறு வருசம் இதே மாதிரி மரத்தடியில உக்காந்திருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"மானம் போவுதுன்னா வராதேன்னு சொன்னேன்? யாருமா சொன்னா உனக்கு?"

"எல்லாரும் பாட்டின்னு சொல்றாங்கன்னு நீதானே சொன்னே."

"ஆமா. என் பக்கத்துல உக்கார்ற பொண்ணோட பாட்டி அந்த வாரம்தான் செத்துப்போனாங்க. அவ எங்கிட்ட வந்து, 'உங்கம்மாவும் பாட்டிதானே, அவங்களும் செத்துருவாங்க'ன்னு சொன்னா. எல்லாரும் உன்னைப் பாட்டி பாட்டின்னு சொல்லச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. நீ கேட்டுக்கு வராம இருந்தா யாரும் பார்க்க மாட்டாங்க, சொல்ல மாட்டாங்கன்னு நெனைச்சேன். ஏழு வயசும்மா. வேற எப்படி நெனைக்கத் தெரியும்?"

ஏற்றியிருந்த கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"நீ இளமையா இருக்க வேணாம்லா," என்றாள். "இருந்தா போதும்."

இருபது வருடமாக நெஞ்சில் கிடந்த முள்ளை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டாள். எடுத்த இடமும் வலிக்கத்தான் செய்தது. அவளை ஒருநாள் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பெற்றோரிடம் "பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று சொல்லியிருப்பேன்! என் பிள்ளையை நான் கேட்கவில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன். கண்ணீர் பட்டு முகம் மறுபடி எரிந்தது.

உள்ளே போனபோது டாக்டர், என் மகள் வயதுடைய மலாய்க்காரப் பெண், என் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று மலாயில் கேட்டார். நாத்தனார் என்றேன். அவர் நர்ஸா என்று கேட்டார். மாட்டுக்கு என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்துவிட்டார். ஊசி சுத்தமில்லாமல் போயிருந்தால், டியூப் மாறியிருந்தால், காயத்தில் சீழ் பிடித்திருந்தால் என்னென்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னம்மா என்று முறை வைத்து, "மக்சிக், அதிர்ஷ்டம் ஒரு தடவைதான் வரும்," என்றார். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். பிறகு என் மகள் தன் போனை நீட்டி, குடும்ப குரூப்பில் வந்த அந்தப் படத்தைக் காட்டினாள். டாக்டர் என் முகத்தை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்தார். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார், இம்முறை ஒழுங்காக, பட்டினியோடு, லேபிள் ஒட்டி. அந்த முடிவு வந்தபோது வாசல்படியில் நின்ற இனிப்பு நீரும் உள்ளே வந்து கால் நீட்டிப் படுத்திருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். இன்னும் சில மாதம் அப்படியே விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கிய வாக்கியத்தை என் மகள் முடிக்கவிடவில்லை.

பரிசத்தன்று வீக்கம் வடிந்திருந்தது. மஞ்சள் முழுதாகப் போகவில்லை, கன்னத்தில் வரிசை வரிசையாக மங்கலாகத் தெரிந்தது. பவுடர் போட்டுக்கொள்ளுங்கள் என்று நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளோடு எனக்குக் கோபமில்லை. அவள் டியூபில் லேபிள் ஒட்டியிருந்தால் என் தேங்காய்ப்பால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த யோசனையோடு மறுநாளே வந்துவிடுவாள்.

மண்டப வாசலில் ஆயர் ஈத்தாம் அத்தை என்னை நோக்கி வேகமாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்த வாரம் போனில் பேசியபோது என் கணவர், "அவங்களுக்கு முகம் மஞ்சளாகி கிளினிக் போயிருக்காங்க," என்று சொல்லிவைத்திருக்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன்.

"சம்பந்தியம்மா, காமாலைன்னா சும்மா விடக்கூடாதுங்க. நானே போய்ப் பறிச்சுட்டு வந்தேன்," என்று பையைத் திறந்து காட்டினார். வேரும் மண்ணுமாகக் கீழாநெல்லி. "பச்சையா அரைச்சு மோர்ல கலந்து குடிங்க. அன்னிக்கு நான் தெரியாம பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

எத்தனை புதர் தேடிக் குனிந்து பறித்தாரோ, நகக்கண்ணில் மண் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? மாட்டிலிருந்தா, மஞ்சளிலிருந்தா? "சரிங்க," என்று வாங்கிக்கொண்டேன். மூன்று வாரமாக அவரை மனதுக்குள் எண்ணெயில் போட்டு வறுத்துக்கொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

தட்டு மாற்றினார்கள். மேடையில் மகள் பக்கத்தில் நின்றேன். படம் எடுக்க வந்தவர் கேமராவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கையை ஆட்டினார். "பாட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. பொண்ணு, மாப்பிள்ளை, அம்மா அப்பா மட்டும் முதல்ல."

என் கணவர் தரையைப் பார்த்தார். கீழே முதல் வரிசையில் நாத்தனார் எழுந்துவிட்டாள். மேடை ஓரத்தில் நின்ற அத்தை முந்திக்கொண்டு, "யோவ், அவங்கதான்யா அம்மா!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். அவருக்குத்தான் அந்த விஷயத்தில் அனுபவம் இருந்தது.

நான் தள்ளி நிற்கவில்லை. மகள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் தள்ளவும் முடியாது. பட்டுப்புடவையும் நகையுமாக, இருபத்தேழு வயதில், பிள்ளை பையைப் பிடிக்கிறாற்போல என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பரவாயில்லய்யா, நீ எடு," என்றேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ மேடைக்கு இனிப்புத் தட்டைக் கொண்டுவந்து, முதல் லட்டை என் கையில் வைத்துவிட்டார்கள். நெய் மணக்கும் உருண்டை, மேலே முந்திரி. படம் எடுத்துவிட்டார். அடுத்த நொடி அந்த லட்டை அத்தையின் வாயில் ஊட்டிவிட்டேன், சாட்சிக்கு நூறு பேர் இருக்கிறார்கள்.

படம் இப்போது எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறது. என் முகத்தில் வயது ஒன்றுகூடக் குறையவில்லை, கன்னத்துப் புள்ளிகளும் தெரிகின்றன. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் மகள் மட்டும் என் கையிலிருக்கும் லட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.